முடி தரித்த புரட்சி

“முடியாது என்ற சொல் என் அகராதியிலேயே இல்லை!”

பள்ளிச் சுவர்களிலே, நாட்குறிப்பு ஏடுகளின் முகப்பிலே, தேர்வுக்கு முந்திய நாள் ஆசிரியர்கள் தரும் அறிவுரையிலே நூறு முறை நாம் கண்டும் கேட்டும் பழகிய வாசகம் இது. சொன்னவன் நெப்போலியன் என்பார்கள். எங்கே சொன்னான், எப்போது சொன்னான், யாரை நோக்கிச் சொன்னான் என்று எவரும் கேட்பதில்லை. நானும் கேட்டதில்லை. வகுப்பறையின் கரும்பலகையில் நானே என் கையால் அதை எழுதி, கீழே ‘மாவீரன் நெப்போலியன்’ என்று கோடிட்டும் இருக்கிறேன்.

அன்று ஒன்பதாம் வகுப்பு மாணவி ஒருத்தி எழுந்து நின்று கேட்டாள்: “அய்யா, அவர் நாட்டிலே பெண்களுக்கும் ‘முடியாது’ என்ற சொல் இல்லாமல் இருந்ததா?”

வகுப்பு சிரித்தது. நான் சிரிக்கவில்லை, சிரிக்க முடியவில்லை. பட்டம் பெற்றவன், வரலாற்றை விருப்பத்தோடு படித்தவன், பகுத்தறிவு பேசுபவன், ஒரு சிறுமியின் கேள்விக்கு முன் விடையின்றி நின்றேன். அந்த விடையைத் தேடித்தான் அண்மைக் காலத்தில் வெளிவந்த நெப்போலியன் நூல்களைப் படிக்கத் தொடங்கினேன். மாலை நேரங்களில் கோட்டூர்புரத்து அண்ணா நூற்றாண்டு நூலகத்தில் சிலவும், மயிலை நண்பர் ஒருவரிடம் இரவல் பெற்றுச் சிலவுமாகப் படித்தவற்றுள் நான்கு நூல்களைப் பற்றியே இக்கட்டுரை.

*

இருநூறு ஆண்டுகளுக்கு முன் மாண்டவனைப் பற்றி இன்னும் என்ன எழுதக் கிடக்கிறது? கிடக்கிறது, தோழர்களே! அவன் எழுதிய கடிதங்கள் மட்டும் நாற்பதாயிரத்துக்கு மேல். அவற்றைத் தேடித் திரட்டி, 2004 முதல் 2018 வரை பதினைந்து பெருந்தொகுதிகளாகப் பாரிசில் பதிப்பித்து முடித்தார்கள். அந்தக் கடிதப் புதையல் திறந்ததும் ஆய்வாளர்கள் மொய்த்தார்கள். 2021இல் அவன் மறைவின் இருநூறாம் ஆண்டு வந்தது. 2023இல் ரிட்லி ஸ்காட்டின் திரைப்படம் வந்தது. நூல்களும் பெருகின.

முதல் நூல், ஆங்கிலேயரான ஆண்ட்ரு ராபர்ட்ஸ் 2014இல் வெளியிட்டது. இங்கிலாந்துப் பதிப்பின் பெயரே ‘நெப்போலியன் தி கிரேட்’. தீர்ப்பை அட்டையிலேயே அச்சிட்டுவிட்டு வழக்கைத் தொடங்குகிறார் ஆசிரியர்! ஆனால் வழக்கை வலிவோடு நடத்துகிறார் என்பதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். கடிதங்களைக் கரைத்துக் குடித்திருக்கிறார். போர்க்களங்களை நேரில் நடந்து அளந்திருக்கிறார்.

அவர் காட்டும் நெப்போலியன் யார்? 1769இல் கோர்சிகாத் தீவின் அசாக்சியோ நகரில், பெயரளவிலே பிரபு, வாழ்க்கையிலே எளிய குடும்பம் என்ற நிலையிலே பிறந்தவன். பிரெஞ்சு மொழியைக் கொச்சையாகப் பேசுகிறான் என்று படைப் பள்ளியிலே கேலிக்கு ஆளானவன். பழைய பிரான்சில் உயர் தளபதிப் பதவி பெரிய பிரபுக்குலத்தார்க்கே உரியது. புரட்சி வந்தது, பிறப்பென்னும் பூட்டு உடைந்தது, இருபத்துநான்கு வயதிலே தளபதியானான். சட்டத்தின் முன் அனைவரும் சமம், திறமைக்கே பதவி, மதச் சகிப்பு, ஒழுங்கான நிதிமுறை ஆகியவற்றைச் சட்டமாக்கி, நிலைநாட்டி, ஐரோப்பா எங்கும் பரப்பியவன் அவனே என்பது ராபர்ட்ஸ் வாதம். அவன் படை நுழைந்த நகரங்கள் பலவற்றிலே யூதச் சேரிகளின் கதவுகள் திறந்தன. இது பொய்யன்று.

‘பிறப்பால் உயர்வு தாழ்வு இல்லை’ என்று கேட்டு வளர்ந்த நமக்கு இந்தப் படம் இனிக்கிறது. ஏன் இனிக்காது? பிறப்பு இட்ட வேலியைத் தாண்டிய எவனையும் நம் உள்ளம் தம்பி என்றோ அண்ணன் என்றோ உறவு கொண்டாடும். அதனால்தான் நம் ஊரிலும் பிள்ளைகளுக்கு நெப்போலியன் என்று பெயர் சூட்டினோம்.

ஆனால், வேலியைத் தாண்டியவன் அடுத்து என்ன செய்தான் என்பதல்லவா கேள்வி? வேலியைப் பிடுங்கி எறிந்தானா, தான் நுழைந்தபின் கதவைத் தாழிட்டானா?

1804 டிசம்பர் 2ஆம் நாள் பாரிசு நோத்ருதாம் பேராலயத்திலே, போப்பாண்டவர் ஏழாம் பத்திநாதர் பார்த்திருக்க, மணிமுடியைத் தன் கையாலேயே எடுத்துத் தலையில் வைத்துக்கொண்டான். அண்ணன் சோசப்பு முதலில் நேப்பிள்சுக்கு அரசன், பின்னர் இசுபெயினுக்கு அரசன். தம்பி லூயி ஆலந்துக்கு. இன்னொரு தம்பி செரோம் வெசுட்பாலியாவுக்கு. 1808இல் புதிய பிரபுப் பட்டங்கள், அதுவும் மகனுக்கு வழிவழி செல்லும் பட்டங்கள்! 1810இல் ஆசுத்திரியப் பேரரசன் மகளை மணந்தான். மறு ஆண்டு பிறந்த பிள்ளை தொட்டிலிலேயே ‘உரோமாபுரி மன்னன்’. தொட்டிலிலே கிடந்த குழந்தை எந்தப் போரிலே எந்தத் திறமையைக் காட்டிற்று? பிறப்பின் ஆதிக்கத்தை எதிர்த்த புரட்சியின் தோளேறி உயர்ந்தவன், பிறப்பின் ஆதிக்கத்துக்கே புதிய பூணூல் மாட்டினான்! ராபர்ட்ஸ் இவற்றை மறைக்கவில்லை. ஆனால் எடை போடும்போது தராசுத் தட்டை விரலால் தட்டிவிடுகிறார். போர்களுக்கும் பகைநாட்டுக் கூட்டணிகளே பெரும் பொறுப்பு என்கிறார். 1812இல் ஆறு இலட்சத்துக்கு மேற்பட்ட படைவீரரை உருசியப் பனிக்கு நடத்திச் சென்றது எந்தக் கூட்டணி?

*

இரண்டாம் நூல், போலந்துக் குடிவழியினரான ஆடம் சமோய்ஸ்கி 2018இல் வெளியிட்டது. கட்டுக்கதைக்குப் பின்னால் இருந்த மனிதனைக் காட்டுவதே அதன் நோக்கம். தேவனுமல்லன், அசுரனுமல்லன், தயங்கியவன், தடுமாறியவன், காதலிலே கலங்கியவன், கணக்கிலே கெட்டிக்காரன் என்று காட்டுகிறார்.

கதை எப்படிக் கட்டப்பட்டது என்பதே இதில் நாம் கற்க வேண்டிய பாடம். சீறி எழும் வெள்ளைக் குதிரைமேல், போர்வை பறக்க, ஆல்ப்சு மலையைக் கடக்கும் நெப்போலியன் ஓவியத்தைக் காணாதவர் யார்? டேவிட் தீட்டியது அது. 1800ஆம் ஆண்டு மலையை அவன் உண்மையிலே கடந்தது கோவேறு கழுதையின்மேல்! இத்தாலியப் போர்க்களத்திலே இருந்தபோதே தன் புகழ் பாடத் தானே செய்தித்தாள் நடத்தினான். அதிகாரம் கைக்கு வந்ததும், 1800 சனவரியிலே, பாரிசு நகரின் அரசியல் ஏடுகள் எழுபத்துமூன்றில் அறுபதை ஒரே ஆணையால் மூடினான், மிஞ்சியவை பதின்மூன்று. 1811இல் அவையும் நான்காயின. எழுத்தின் வலிமையை அறிந்தவன்தான் எழுத்தை முதலில் கட்டுவான். ஏடு நடத்தி, ஏடு படித்து வளர்ந்த இயக்கத்தின் இளைஞர்கள் இந்த எண்களை மனத்தில் பொறித்துக்கொள்ளட்டும்.

மதத்தையும் அவன் அப்படியே கையாண்டான். 1801இல் போப்பாண்டவரோடு உடன்படிக்கை. பக்தியாலா? இல்லை, ஏழை எதற்காக ஏழையாக இருக்கிறான் என்று கேளாமலிருக்கப் பூசாரியின் வாய் தேவை என்பதை அறிந்ததால். 1806இல் நாடெங்கும் ஞானோபதேச வினாவிடை நூல் ஒன்று வந்தது. பேரரசனுக்குக் கீழ்ப்படிவதும், வரி செலுத்துவதும், படையிலே சேர்வதும் கடவுளுக்குச் செய்யும் கடமை என்று பிள்ளைகள் ஒப்பித்தார்கள்! வோல்த்தேர் சிரித்த நாட்டிலே, ரூசோ சிந்தித்த மொழியிலே, புரட்சி நடந்து இருபது ஆண்டுகூட நிரம்பாத காலத்திலே! அரசன் கோவிலைக் காப்பான், கோவில் அரசனைக் காக்கும் என்ற பழைய ஒப்பந்தம் நமக்குப் புதிதா?

சமோய்ஸ்கியின் நடை தெளிவானது. மாயை கலைப்பதிலே தேர்ந்தது. குறை ஒன்று உண்டு. மனிதனைத் துருவித் துருவிப் பார்ப்பவர், அந்த மனிதனின் கால்பட்டு நசுங்கியவர்களைப் போதிய நேரம் நின்று பார்ப்பதில்லை.

*

என் மாணவியின் கேள்விக்கு வருகிறேன். நெப்போலியன் பெயரை நிலைநிறுத்தியது வாட்டர்லூ அன்று. 1804ஆம் ஆண்டுச் சட்டத் தொகுதி. அதிலே நல்லது உண்டு, மறைக்க வேண்டா. மகனுக்கும் மகளுக்கும், மூத்தவனுக்கும் இளையவனுக்கும் தந்தை சொத்திலே சம உரிமை என்ற புரட்சியின் கொடையை அது காத்தது. நம் நாட்டிலே 1929 செங்கற்பட்டுச் சுயமரியாதை மாநாடு பெண்ணுக்குச் சம சொத்துரிமை வேண்டுமென்று தீர்மானித்து, அது இந்து வாரிசுரிமைச் சட்டத்தின் தமிழ்நாட்டுத் திருத்தமாக மலர 1989 வரை அறுபது ஆண்டு காத்திருந்தோம். அந்த அளவில் அச்சட்டத் தொகுதி நமக்கு முந்தியது.

ஆனால் அந்த மகள் மணமாகி மனைவியானதும் என்ன ஆனாள்? மனைவி கணவனுக்குக் கீழ்ப்படியக் கடமைப்பட்டவள் என்று சட்டமே விதித்தது. கணவன் ஒப்புதலின்றி அவள் சொத்தை விற்க முடியாது, வழக்காட முடியாது, ஒப்பந்தம் செய்ய முடியாது. மனைவி பிறழ்ந்தால் கணவன் உடனே மணவிலக்குக் கேட்கலாம். கணவன் பிறழ்ந்தால், வைப்பாட்டியை வீட்டுக்குள்ளேயே கொண்டுவந்து குடிவைத்தால் மட்டுமே மனைவி கேட்கலாம். மனு எழுதினானா, நெப்போலியன் எழுதினானா என்று ஐயுறத் தோன்றுகிறதல்லவா? கணவன் இசைவின்றி ஒரு பிரெஞ்சுப் பெண் வேலைக்குச் செல்லவும், தன் பெயரில் வங்கிக் கணக்குத் தொடங்கவும் 1965ஆம் ஆண்டுச் சட்டம் வரவேண்டியிருந்தது.

1802இல் ஆண்பிள்ளைகளுக்கு அரசு உயர்நிலைப் பள்ளிகள் திறந்தவன், 1807இல் எக்குவான் நகரத்துப் பெண்கள் பள்ளிக்கு எழுதியனுப்பிய குறிப்பிலே, பெண்கள் சிந்திக்க வேண்டுமென்பதில்லை, நம்பினால் போதும் என்ற கருத்தைப் பதித்தான். ஆசிரியனாகிய என் நெஞ்சை அறுத்த செய்தி இதுதான். ‘முடியாது’ என்ற சொல் அவன் அகராதியில் இருந்தது, தோழர்களே! பெண்ணுக்குரிய பக்கத்திலே அது அச்சிடப்பட்டிருந்தது.

*

கறுப்பருக்குரிய பக்கத்திலும் அதே சொல்தான். அதைக் காட்டுவது மூன்றாம் நூல்: சுதீர் அசாரிசிங் 2020இல் வெளியிட்ட ‘பிளாக் ஸ்பார்ட்டகஸ்’. ஆசிரியர் மொரீசியசுத் தீவிலே பிறந்தவர், ஆக்சுபோர்டிலே பேராசிரியர். 2021இல் உல்ப்சன் வரலாற்றுப் பரிசு பெற்ற நூல். கதைத் தலைவன் நெப்போலியன் அல்லன். அடிமையாய்ப் பிறந்து தளபதியாய் உயர்ந்த தூசான் லூவெர்த்தூர்.

1794 பிப்ரவரியிலே பிரெஞ்சுக் குடியரசு அடிமை முறையை ஒழித்தது. 1802 மே 20இல் நெப்போலியன் அரசு சட்டம் செய்து அடிமை முறையைத் திரும்பக் கொண்டுவந்தது. அதற்கு முன்பே மைத்துனன் லெக்ளேர்க்குத் தலைமையிலே பெரும்படை செயின்டு தொமிங்கு தீவுக்குச் சென்றிருந்தது. பேச வருமாறு அழைத்து, வந்த தூசானைச் சிறைப்பிடித்து, பிரான்சின் மலைக்குளிரிலே சூக்சுக் கோட்டையில் அடைத்தார்கள். 1803 ஏப்ரல் 7இல் அங்கேயே மாண்டான். ஆனால் அவன் மக்கள் பணியவில்லை. நெப்போலியன் படையை முறியடித்து, 1804 சனவரி முதல் நாள் எயிட்டி என்ற விடுதலை நாட்டை எழுப்பினார்கள். ‘முடியாது’ என்ற சொல் தங்கள் அகராதியில் இல்லை என்று சொல்லும் உரிமை எவர்க்கேனும் உண்டென்றால், அது அவர்களுக்கே உண்டு!

கிழக்கே மொரீசியசு, ரியூனியன் தீவுகள்? அங்கே 1794ஆம் ஆண்டுச் சட்டமே நுழையவில்லை. அறிவிக்க வந்த தூதரைத் தோட்ட முதலாளிகள் 1796இல் கப்பலேற்றித் திருப்பி அனுப்பினார்கள். 1802ஆம் ஆண்டுச் சட்டம் அந்தக் கொடுமைக்கு முத்திரை குத்தியது. சோழமண்டலக் கரையிலிருந்து கடத்தப்பட்டவர்களும் அத்தீவுகளின் அடிமைகளுள் இருந்தனர் என்பதை நாம் மறக்கலாகாது.

அசாரிசிங்கின் நூல் உணர்ச்சியோடு எழுதப்பட்டது. ஆனால் இங்கும் ஓர் எச்சரிக்கை. தூசானும் 1801ஆம் ஆண்டு அரசமைப்பிலே தன்னை வாழ்நாள் ஆளுநராக்கிக்கொண்டவன். விடுதலை பெற்ற உழைப்பாளரைப் படைக் கட்டுப்பாட்டோடு அதே கரும்புத் தோட்டங்களிலே வேலை வாங்கியவன். ஆசிரியர் இதைச் சொல்கிறார், ஆனால் இளகிய குரலிலே சொல்கிறார். நெப்போலியனிடம் நாம் கேட்கும் கேள்வியைத் தூசானிடமும் கேட்பதே நேர்மை. நம்மவன் என்பதற்காகத் தராசைத் தட்டினால், ராபர்ட்சுக்கும் நமக்கும் என்ன வேறுபாடு?

*

நான்காம் நூல், சார்சிய நாட்டு வரலாற்றாசிரியர் அலெக்சாண்டர் மிக்காபெரிட்சே 2020இல் வெளியிட்டது. நெப்போலியப் போர்களை உலக வரலாறாக எழுதியிருக்கிறார். இந்தியா, பாரசீகம், சாவா, தென்னமெரிக்கா அனைத்தும் அதில் உண்டு. அதனாலேயே நமக்கு மிக நெருங்கிய நூல் இது.

அயலான் கதை நமக்கெதற்கு என்பீரோ? அடையாற்றின் முகத்துவாரத்தைக் கேளுங்கள்! 1746இல் சென்னையைக் கைப்பற்றிய பிரெஞ்சுக்காரர், அக்டோபர் 24இல் அந்த ஆற்றங்கரையிலேதான் நவாபு மகன் மாபூசுகானின் பெரும்படையைச் சிறுபடை கொண்டு சிதறடித்தனர். ஐரோப்பியப் பயிற்சி பெற்ற சிறுபடை இங்குள்ள பெரும்படையை வெல்லும் என்ற கொடிய பாடத்தை வெள்ளையர் கற்ற இடம் அது.

1799ஆம் ஆண்டை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். எகிப்திலே இருந்த நெப்போலியன் சனவரியிலே திப்புவுக்குக் கடிதம் எழுதுகிறான்: செங்கடலோரம் வந்துவிட்டேன், ஆங்கில நுகத்தடியிலிருந்து உம்மை விடுவிக்க விரும்புகிறேன் என்று. கடிதம் திப்புவைச் சேரவில்லை. ஆங்கிலேயர் கையில் சிக்கியது. விடுதலைப் படையும் வரவில்லை. முந்திய ஆண்டு மொரீசியசு ஆளுநர் பறையறைந்து அனுப்பிய தொண்டரே ஏறத்தாழ நூறு பேர்தாம். ஆனால் அந்தப் பறையொலி ரிச்சர்டு வெல்லெசுலிக்குப் போர் தொடுக்கப் போதுமான சாக்காயிற்று. மே 4இல் சீரங்கப்பட்டணம் வீழ்ந்தது. திப்பு களத்திலே மாண்டான். அக்டோபர் 16இல் கயத்தாற்றிலே கட்டபொம்மன் தூக்கிலிடப்பட்டான். அதே அக்டோபர் 16இல், எகிப்திலே தன் படையைக் கைவிட்டுக் கப்பலேறிய நெப்போலியன் பாரிசு நகருக்குள் நுழைந்தான். இருபத்துநான்கு நாள் கழித்து நவம்பர் 9இல் ஆட்சியைக் கவிழ்த்தான். அங்கே ஒருவன் அரியணைக்கு நடக்கிறான்; இங்கே ஒருவன் புளியமரத்துக்கு நடக்கிறான். இரண்டு நடையையும் ஒரே பக்கத்திலே எழுதும் வரலாறு நமக்கு வேண்டும்.

அந்த வெற்றியைக் கொண்டாட எழுந்ததே 1802இல் முடிந்த விருந்து மண்டபம், இன்றைய இராசாசி மண்டபம். 1969இல் அண்ணாவின் உடல் வைக்கப்பட்டதும், இலட்சக்கணக்கானோர் கதறியழுததும் அதன் படிகளிலேதான். ஆதிக்கக்காரன் விருந்துண்ணக் கட்டிய மண்டபம் மக்கள் கண்ணீர் வடிக்கும் இடமாயிற்று. வாட்டர்லூவிலே நெப்போலியனை வீழ்த்திய வெலிங்டன், ரிச்சர்டின் தம்பி ஆர்தர் வெல்லெசுலிதான். போர்த்தொழிலைப் பழகியது நம் மண்ணிலே, நம் குருதியிலே. செயின்டு சார்சு கோட்டையிலே அவன் தங்கிய இல்லம் அவன் பெயராலேயே வழங்குகிறது.

மிக்காபெரிட்சேயின் உழைப்பு மலைக்க வைப்பது. ஆனால் அவருடைய பெரிய படத்திலே அரசுகள் பேசுகின்றன, ஊர்கள் பேசவில்லை. பாளையங்களின் குரலைச் சேர்க்கும் கடமை தமிழ் வரலாற்றாளர்க்கு எஞ்சியிருக்கிறது.

*

இன்னுமொரு கதை, இந்நூல்களின் எல்லைக்கு அப்பால் நிற்பது. நெப்போலியன் வீழ்ந்து நான்கு ஆண்டு கழித்து, 1819 சனவரி 6இல், அவன் சட்டத் தொகுதி புதுச்சேரிக்கு வந்தது. வந்த சட்டம், வாயிற்படியிலேயே செருப்பைக் கழற்றிவிட்டு நின்றது! இந்தியர்கள் அவரவர் சாதி வழக்கப்படியே தீர்ப்பளிக்கப்படுவர் என்று அதே ஆணை உறுதி கூறியது. சமத்துவச் சட்டம் சாதியின் முன் சலாம் போட்டது.

1870களிலே பொன்னுத்தம்பி என்ற தமிழ் வழக்கறிஞர் ஐரோப்பிய முறைக் காலணி அணிந்து புதுவை நீதிமன்றத்துக்குச் சென்றதற்காகத் தண்டிக்கப்பட்டார். பாரிசின் உச்ச வழக்குமன்றம்வரை சென்று வென்றார். 1881 செப்டம்பர் 21ஆம் நாளைய ஆணை, விரும்புவோர் சாதி வழக்கச் சட்டத்தைத் துறந்து பிரெஞ்சுச் சட்டத்தின்கீழ் வரலாம் என்றது. துறந்தவர்கள் புதிய குடும்பப் பெயர் பூண்டனர். பொன்னுத்தம்பி ‘லாப்போர்த்’ என்று சேர்த்துக்கொண்டார். அவ்வாறு துறந்தவர்களுள் ஒடுக்கப்பட்டோர் பலர். சமத்துவத்தைப் பேரரசன் சட்டம் கொண்டுவந்து கொடுக்கவில்லை. காலணி அணிந்த ஒரு தமிழன் கேட்டு வாங்கினான்.

இந்த நான்கு நூல்களையும் படியுங்கள். ஒன்றை மட்டும் படிக்காதீர்கள்; ராபர்ட்சைப் படித்தால் அசாரிசிங்கையும் படியுங்கள். இவை தமிழில் வரவேண்டும். கல்லூரியில் படித்தவர்கள் குழுவாகச் சேர்ந்து பகுதி பகுதியாக மொழிபெயர்த்தாலும் நன்று. நம் பிள்ளைகள் பெருமக்கள் வரலாற்றைப் பொன்மொழிகளாக மட்டும் அறிவது போதாது. பொன்மொழி வழிபாடும் ஒரு வகைப் பூசையே. தேங்காய் உடைக்காததொன்றே குறை.

கரும்பலகையில் நான் எழுதிய வாசகத்தை அழிக்கவில்லை. அதன் கீழே, ‘யாருக்கு?’ என்று ஒரு சொல்லை மட்டும் சேர்த்தேன். கேள்வி கேட்ட மாணவியை அழைத்து, முழு விடையையும் சொன்னேன். கேட்டு முடித்ததும் அவள் அடுத்த கேள்வியைத் தொடங்கினாள்:

“அப்படியானால், அய்யா, நம் பாடநூலிலே உள்ள மற்ற மாவீரர்கள்...?”

கேட்கட்டும். அந்தக் கேள்விக்கு இன்னும் நான் படிக்க வேண்டியிருக்கிறது. தோழர்களே, நீங்களும்தான்!